சாளரத்துக்குள் ஒரு திரை: மெய்நிகர் கணினிகளின் காட்சிச் சிக்கல்கள் உருவாகி வளர்ந்த வரலாறு

மேசைக் கணினியில் மெய்நிகர் கணினி ஒன்றை நிறுவுபவர்கள் முதலில் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் அதன் சாளரத்தோடுதான். பெரிய மானிட்டரின் நடுவே சின்னப் பெட்டியாகத் திரை நிற்கும். சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கினால் படம் அப்படியே இருக்க, சுற்றிலும் கறுப்பு மட்டுமே கூடும். உள்ளே போன மவுஸ் வெளியே வராது. சில வேளை தொடக்கத்திலிருந்தே கறுப்புத் திரைதான். இவை தனித்தனிக் கோளாறுகளாகவே பேசப்படுகின்றன. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே என்பது இக்கட்டுரையின் வாதம். உள்ளே இயங்கும் இயங்குதளமான கெஸ்ட், தன்னைத் தனிக் கணினி என்றே எண்ணுகிறது. தன் திரை, தன்னைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியின் ஒரு சாளரம் என்பது அதற்குத் தெரியாது. அந்த அறியாமையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போக்கிய முயற்சிகளாகவே இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

மெய்நிகர் கணினி என்ற கருத்து பிறந்த காலத்தில் இச்சிக்கல் இல்லை. 1960களில் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் உருவாக்கிய சிபி-67இலும், 1972இல் அறிவிக்கப்பட்ட விஎம்/370இலும் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு மெய்நிகர் கணினி கிடைத்தது. பயனரின் முனையமே அதன் கன்சோல். எழுத்துகள் வரிவரியாக வந்துபோன இடத்தில் படத்தின் அளவும் வண்ண ஆழமும் கேள்வியாகவே எழவில்லை. மெய்நிகராக்கத்துக்கான நிபந்தனைகளை 1974இல் வரையறுத்த போபெக், கோல்ட்பெர்க் ஆகியோரின் ஆய்வுரையும் செயலியின் கட்டளைகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. உள்ளீட்டு, வெளியீட்டுக் கருவிகளை அவர்களின் மாதிரி வெளியே நிறுத்தியது.

போலிக் கார்டுகளின் காலம்

1999 மே மாதம் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் வெளிவந்தபோது நிலைமை மாறியது. சாதாரண பிசியில், மாற்றம் எதுவும் செய்யாத விண்டோஸையோ லினக்ஸையோ ஒரு சாளரத்துக்குள் ஓட்ட வேண்டும். அந்த இயங்குதளங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மென்பொருளால் போலியாக உருவாக்கிக் காட்டுவதைத் தவிர வழியில்லை. எல்லாருக்கும் தெரிந்தது, 1987இல் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினிகளோடு வந்த விஜிஏ.

மென்பொருளால் நடிப்பதற்கு விஜிஏவைப் போலக் கடினமான கருவி குறைவு. அதன் 16 வண்ண முறையில் வீடியோ நினைவகம் நான்கு அடுக்குகளாகப் பிரிந்திருக்கும். கெஸ்ட் எழுதும் ஒரே பைட், பதிவகங்களின் நிலையைப் பொறுத்து நான்கு அடுக்குகளிலும் வெவ்வேறு விளைவை உண்டாக்கலாம். ஆகவே எழுதும் ஒவ்வொரு செயலையும் இடைமறித்து, கணக்கிட்டு, பிறகே விட வேண்டும். விண்டோஸ் நிறுவலின்போது தோன்றும் நீலத் திரைகள் மெய்நிகர் கணினியில் ஊர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நேர்க்கோட்டு நினைவகம் கொண்ட உயர் வண்ண முறைகளில் இடைமறிப்பு தேவையில்லை. நினைவகப் பக்கங்களில் எவை மாறின என்று பார்த்து, அவற்றை மட்டும் சாளரத்தில் மீண்டும் வரைந்தால் போதும். இங்கே வேறொரு தொல்லை. ஒரு பக்கம் 4,096 பைட். 1,024 படப்புள்ளி அகலமும் புள்ளிக்கு 4 பைட்டும் உள்ள திரையில் ஒரு கிடைவரி சரியாக அதே அளவு. 16 வரி உயரமுள்ள ஒரு சிறு கர்சர் கண்சிமிட்டினாலும், திரையின் முழு அகலத்துக்கு 16 வரிகள் மாறியதாகவே ஹோஸ்டுக்குத் தெரியும். என்ன வரையப்பட்டது என்ற செய்தி இல்லாமல், எங்கோ ஏதோ மாறியது என்ற தடயம் மட்டுமே அதற்குக் கிடைத்தது.

ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎமு என்ற போலிக் கணினி மென்பொருள், 1990களின் சிர்ரஸ் லாஜிக் ஜிடி5446 சிப்பைப் போலிசெய்தது. அக்கால இயங்குதளங்கள் பெரும்பாலானவற்றில் அதற்கு டிரைவர் இருந்ததால் அது விவேகமான தேர்வு. ஆனால் உண்மையான சிப்பின் எல்லைகளும் கூடவே வந்துவிட்டன. அதன் வீடியோ நினைவகம் 4 மெகாபைட். 1280×1024 அளவில் 32 பிட் வண்ணத்துக்கு 5 மெகாபைட் வேண்டும். 2014 இறுதியில் வந்த 2.2 பதிப்பில்தான் கியூஎமு சிர்ரஸை இயல்பிருப்பிலிருந்து நீக்கியது. கணினிக்குள் இல்லாத ஒரு சிப்பின் வரம்பு, பத்தாண்டுக்கும் மேலாகப் பயனர்களின் சாளர அளவைத் தீர்மானித்திருக்கிறது.

கெஸ்டுக்குச் சொல்லிவிடுவது

மாற்று வழியை விஎம்வேர் முன்பே தொடங்கியிருந்தது. அதன் எஸ்விஜிஏ எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாத, மென்பொருளில் மட்டுமே வாழும் கார்டு. அதற்கென எழுதிய டிரைவரைக் கெஸ்டில் நிறுவினால், மாறிய செவ்வகம் இது, இந்தப் பகுதியை அங்கே நகலெடு என்று கெஸ்டே ஒரு கட்டளை வரிசை வழியாகச் சொல்லும். தடயம் தேடும் வேலை போய்ப் பேச்சு வந்தது. இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுவே என்பது என் கணிப்பு.

கெஸ்டில் நிறுவும் துணைநிரல்களான விஎம்வேர் டூல்ஸ், விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் ஆகியவை இதே எண்ணத்தின் விரிவு. சாளரத்தின் புதிய அளவு கெஸ்டுக்குச் சொல்லப்பட்டு, அது தன் தெளிவுத்திறனை மாற்றிக்கொண்டது. மவுஸும் இப்படித்தான் விடுபட்டது. பிஎஸ்/2 மவுஸ் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது. ஹோஸ்டும் கெஸ்டும் தத்தம் வேகக் கணக்கைப் போட்டதால் இரண்டு சுட்டிகளும் விலகின. அதனால்தான் சுட்டியை உள்ளே பூட்டி, கன்ட்ரோல்-ஆல்ட் அல்லது வலது கன்ட்ரோல் அழுத்தினால் மட்டும் விடுவிக்க வேண்டியிருந்தது. டேப்லெட் போல நேரடி இடத்தைச் சொல்லும் மெய்நிகர் கருவி வந்ததும் பூட்டு தேவையற்றுப்போனது. 2007இல் பேரலல்ஸின் கோஹரன்ஸும் விஎம்வேர் ஃப்யூஷனின் யூனிட்டியும் இன்னும் ஒரு படி போய், கெஸ்டின் நிரல்களை ஹோஸ்டின் சாளரங்களுக்கு நடுவே தனித்தனியாக மிதக்கவிட்டன.

பேச்சுக்கு விலையும் உண்டு. கட்டளை கேட்கும் காது தவறாகக் கேட்டால், கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்குள் நுழைய வழி திறக்கும். 2009 பிளாக் ஹாட் மாநாட்டில் கோஸ்ட்யா கோர்ச்சின்ஸ்கி விளக்கிய கிளவுட்பர்ஸ்ட் தாக்குதல், விஎம்வேரின் இந்தக் காட்சிக் கருவி வழியாகவே வெளியேறியது. கெஸ்டிலிருந்து மேலும் பல வரைகலைக் கட்டளைகளை ஏற்கும் முப்பரிமாண வசதியை எல்லா மெய்நிகர் கணினிகளிலும் கண்ணை மூடிக்கொண்டு இயக்குவது தவறு என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு விலை, அன்றாடப் பயனர் கொடுப்பது. கெஸ்ட் டிரைவர்கள் லினக்ஸ் கர்னலுக்கு வெளியே தொகுக்கப்பட்டவரை, கர்னல் புதுப்பிக்கப்பட்ட மறுநாளே திரை பழைய சின்னப் பெட்டிக்குத் திரும்புவது வாடிக்கையாயிற்று. டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே சேர்ப்பதுதான் தீர்வு. 2015இல் கியூஎமு போன்றவற்றின் மெய்நிகர் கார்டான வர்ட்டியோ ஜிபியுவின் டிரைவர் லினக்ஸ் 4.2இல் சேர்ந்தது, விர்ச்சுவல்பாக்ஸின் காட்சி டிரைவர் 2017இல் 4.13இன் சோதனைப் பகுதிக்குள் வந்தது. 2018 டிசம்பரில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.0, தனக்கே உரிய கார்டோடு விஎம்வேர் வகைக் கார்டையும் விஎம்எஸ்விஜிஏ என்ற பெயரில் தந்தது.

இன்றைய சாளரம்

4கே மானிட்டர் பழைய கணக்குகளைக் கலைத்துவிட்டது. 3840×2160 திரையின் ஒரே படத்துக்கு 3,31,77,600 பைட் வேண்டும். 16 மெகாபைட் வீடியோ நினைவகம் ஒதுக்கியவரின் சாளரம் முழுத் திரைக்கு விரியாததன் காரணம் இந்த எண்ணிலேயே இருக்கிறது. ஹோஸ்ட் தன் எழுத்துகளை இருமடங்காக்கிக் காட்டுவதும் பல கெஸ்ட்களுக்குத் தெரிவதில்லை, எழுத்து எறும்பளவாகிறது.

லினக்ஸில் எக்ஸ் சாளர முறைக்கு மாற்றாக வேலண்ட் வந்தது மற்றொரு திருப்பம். எக்ஸ் சாளர முறையில் எந்த நிரலும் திரையின் அளவை மாற்றச் சொல்லலாம். பிற சாளரங்கள் இருக்கும் இடத்தையும் அறியலாம். பழைய துணைநிரல்கள் இந்தத் தாராளத்தை நம்பியே எழுதப்பட்டவை. பாதுகாப்புக் கருதி வேலண்ட் இரண்டையும் மறுக்கிறது. அதனால் கெஸ்டின் நிரல்களைத் தனித்தனியாக மிதக்கவிடும் சீம்லெஸ் முறை முடங்கியது; அளவு மாற்றமும் தடுமாறியது. மானிட்டரைக் கழற்றி வேறொன்றை மாட்டியதாகக் கர்னல் டிரைவரே அறிவிக்கும் கருவிகளில் அளவு மாற்றம் தடையின்றி நடக்கிறது. வர்ட்டியோ ஜிபியு செய்வது அதைத்தான்.

தமிழில் மெய்நிகர் கணினி நிறுவும் வழிகாட்டிகள் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். துணைநிரலை நிறுவுங்கள் என்ற ஒரு வரியோடு காட்சிப் பகுதியை முடித்துவிடாதீர்கள். எந்தக் கார்டைத் தேர்வது, அதன் டிரைவர் கெஸ்டின் கர்னலிலேயே இருக்கிறதா, எவ்வளவு வீடியோ நினைவகம் ஒதுக்குவது, உள்ளே ஓடுவது எக்ஸா வேலண்டா என்ற நான்கையும் காரணத்தோடு எழுதுங்கள்.