முகமும் பெயரும்: பாலாவியிலிருந்து குடும்ப நிழற்படத்தை நோக்குதல்

வரலாற்றுச் சான்று எனின் கல்வெட்டும் அரசாங்கப் பதிவேடுமே நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டும் பெட்டியின் அடியிற் பேணப்பட்டும் வந்த குடும்ப நிழற்படங்களைச் சான்றாக மதித்தோர் சிலரே. அவை இல்லாமற் போகும்போதே அவற்றின் அருமை புலனாகின்றது. இதனை உணர்த்தும் இடங்களுள் புத்தளம் மாவட்டத்துப் பாலாவியும் ஒன்றாகும்.

திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தத்தின் பெயரையே கொண்டதாயினும் இவ்வூர் அதனின்றும் வேறானது. கொழும்பு–புத்தளம் வீதியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதி பிரியும் சந்தி இது. உப்பளங்கள் நிறைந்த கரையோரம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்களே. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியை அடைந்தனர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினர். பாலாவியும் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. நகையையும் பணத்தையுமே இழந்து வந்தோர் சுவர்ப் படங்களைக் காத்துக்கொண்டு வந்திருப்பர் என எதிர்பார்த்தல் இயலாது. பாட்டனார் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்டும் வழி பல குடும்பங்களில் அன்றோடு அற்றுப்போயிற்று.

இத்தகைய முகப்படத்தின் தோற்றத்தை நோக்குமிடத்து, அது தொடக்கத்தில் முற்றிலும் இயற்கை ஒளிக்குக் கட்டுப்பட்டிருந்தமை தெரியவரும். 1839இல் பாரிசில் டகேரின் முறை வெளியிடப்பட்டபோது ஒருவர் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியிருந்தது. 1840இல் வியன்னாப் பேராசிரியர் யோசெப் பெற்ஸ்வால் கணித முறையால் வகுத்த வில்லை, அகன்ற துவாரத்தினூடு மிகுந்த ஒளியைச் செலுத்தி அந்நேரத்தைப் பெரிதும் குறைத்தது. அதன் குவியத் தூரம் மாறாதது. முகம் பெரிதாகத் தெரிய வேண்டின் எடுப்பவரே கமராவுடன் நெருங்கிச் செல்லவேண்டும். குவியத் தூரத்தை வேண்டியவாறு மாற்றவல்ல வில்லைகள் மலிந்துவிட்ட இன்றும், மாறாக் குவிய வில்லையைப் பலர் விரும்புவதற்கு அகன்ற துவாரமும் இந்நெருக்கமும் காரணங்கள் எனலாம்.

இந்நெருக்கத்தைக் கலையாக்கியவருள் ஒருவர் ஜூலியா மார்கிரட் கமரன். இலங்கை வரலாறு கற்போர் நன்கறிந்த கோல்புறூக்–கமரன் விசாரணையில் இடம்பெற்ற சாள்ஸ் கமரனின் மனைவி இவர். 1863இல் மகளும் மருமகனும் அளித்த கமராவைக் கொண்டு உறவினரையும் நண்பரையும் பகலொளியிற் படமெடுத்தார். 1875இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் வாழ்ந்து, 1879இல் மலைநாட்டில் இறந்தார். அவர் எடுத்த ஜூலியா ஜாக்சனின் படங்கள் அப்பெண்ணின் பெயருடனேயே அறியப்படுகின்றன. அவள் அவருடைய சகோதரியின் மகள். களுத்துறையில் அதே கை எடுத்த படமொன்றோ களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்றே குறிக்கப்படுகின்றது. ஒளியிலே குறைவில்லை, வில்லையிலும் குறைவில்லை. ஆயினும் அங்கு நிற்போர் யாவர் என்பதை இன்று அறிய வழியில்லை. உறவு இருந்த இடத்திற் பெயர் நின்றது. இல்லாத இடத்தில் அது மறைந்தது.

இலங்கையில் 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை சாதாரண மக்களின் முகத்தோடு பெயரையும் சேர்த்தது. எனினும் அதில் ஒருவர் தனித்தே நிற்கின்றார். தாயும் தமக்கையும் அருகில் இல்லை. அவ்வுறவைக் காட்டவல்லது குடும்பப் படமே.

பாலாவி போன்ற உலர்வலயக் கரையில் அதனை எடுப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நண்பகல் வெயில் கண்குழிகளில் கருநிழலை வீழ்த்தும். ஆதலால் விறாந்தை நிழலில், திறந்த முற்றத்தை நோக்கி அமர்த்துதல் நன்று. முற்றத்து வெண்மணல் தெறிக்கும் ஒளி முகங்களை மென்மையாகத் துலக்கும். ஒருவரை மட்டும் எடுக்கையில் துவாரத்தை 1.8 அளவில் அகலத் திறக்கலாம். மூன்று தலைமுறையினர் வரிசைகளாக நிற்கும்போதோ அவ்வளவில் பின்வரிசை தெளிவிழக்கும், 5.6 அல்லது 8 வரை சுருக்குதல் வேண்டும். அதனாற் குறையும் ஒளியை ஈடுசெய்ய ஒளிபடும் நேரத்தை நீட்டினால், அனைவரும் கணநேரம் அசையாது நிற்கவேண்டியிருக்கும்.

2009இல் போர் முடிந்தபின் வடக்கே மீண்டோரும் உளர். புத்தளத்திலேயே வேரூன்றியோரும் உளர். இரு திறத்தாருக்கும் பழைய படங்கள் மீளக் கிடைப்பது அரிது. முதியோர் இருக்கும்போதே புதிய படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பெயர், உறவு, பிறந்த ஊர், எடுத்த ஆண்டு ஆகியவற்றை எழுதி, ஒரு பிரதியை வேறூரில் வாழும் உறவினரிடம் ஒப்படைத்தல் இன்றியமையாதது. முகத்தைத் தருவது ஒளி. அம்முகத்தை வரலாற்றுக்கு உரியதாக்குவது அதனுடன் எழுதப்படும் பெயரேயாகும்.