கலவைச் சோறும் கரண்டி பிடித்த கையும்

'கலத்தல்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு வாழ்க்கை இருக்கிறது. அடுப்படியில் அது நல்ல சொல். தெருவில் அது வசைச்சொல். சோற்றில் குழம்பு கலந்தால் ருசி. ஆளோடு ஆள் கலந்தால் 'கலப்பு'. ஒரே வினை. அது எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதை வைத்தே அதன் பொருள் தீர்மானமாகிறது. உணவின் வரலாற்றைப் பேசப் புகும் எவரும் இந்த இரண்டு பொருளையும் சேர்த்தே பேசியாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதை யோசிக்க வைத்தது ஒரு கொரியச் சோறு. போன பொங்கல் விடுமுறையில் திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். ஹூண்டாய் 1996இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்தபின் அந்த வட்டாரத்தில் கொரிய முகங்களும் கொரிய எழுத்துப் பலகைகளும் புதிதல்ல. இவள் செல்போனில் கொரியத் தொடர்கள் பார்ப்பவள். "மாமா, இன்னிக்கு நான்தான் சமையல், 'பிபிம்பாப்' செய்யப் போறேன்" என்றாள். அக்கா, "என்னாடி பாப்பு, பீப்பு" என்று சிரித்தாள்.

செய்தது இதுதான். பொன்னி அரிசியைக் கொஞ்சம் குழைய வடித்தாள். அரைக்கீரையைக் கொதிநீரில் போட்டு எடுத்து, பிழிந்து, பூண்டும் உப்பும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசறினாள். கேரட்டையும் முள்ளங்கியையும் குச்சி குச்சியாக நறுக்கித் தனித்தனியாக வதக்கினாள். வெள்ளரியை உப்பில் ஊறவைத்துப் பிழிந்தாள். அவர்கள் போடும் மிளகாய் விழுதின் பெயர் 'கோச்சுஜாங்'. மிளகாய்த்தூள், பசையரிசி, சோயாவைப் புளிக்கவைத்த மாவு எல்லாம் சேர்த்து மாசக்கணக்கில் ஊறவிடுவது. அதற்கு எங்கே போவது? காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, அரிசிமாவுக் கஞ்சியில் வெல்லமும் உப்பும் சேர்த்துக் கிண்டினாள். ஒரு கிண்ணத்தில் சோறு, அதைச் சுற்றி ஒவ்வொரு காயும் தனித்தனி வரிசையாக, நடுவில் ஆஃப்பாயில், மேலே எள். பார்ப்பதற்குக் கோலம் போலிருந்தது. "இப்போ கலக்குங்க" என்றாள்.

'பிபிம்' என்றால் கலந்தது, 'பாப்' என்றால் சோறு. கலந்த சோறு. அவ்வளவுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும், எழுதியவர் பெயர் தெரியாத 'சியுயிஜொன்சொ' என்ற சமையல் ஏட்டில் இந்தப் பெயர் காணப்படுகிறது. எப்படிப் பிறந்தது என்பதற்குப் பல கதைகள் சொல்கிறார்கள். முன்னோருக்குப் படைத்ததைக் கலந்து பகிர்ந்து உண்டது, வருடக் கடைசியில் மீந்ததைத் தீர்த்தது, நடவுக்காலத்தில் வயலில் ஒரே பாத்திரத்தில் தின்றது, அரண்மனையில் பரிமாறியது. ஒரே சோற்றுக்கு அரசனும் கூலியாளும் தகப்பன் உரிமை கொண்டாடுகிறார்கள். ஆனால் இன்று தேசத்தின் முகமாக இது முன்வைக்கப்படும்போது 'பல நிறங்கள், ஒரே இணக்கம்' என்ற சொல்லாடல்தான் மிஞ்சுகிறது. கூலியாள் கிண்ணத்தில் இல்லை.

இந்த 'இணக்கத்துக்கு' அடியில் வேறொரு கலவை புதைந்திருக்கிறது. 1960களிலும் 70களிலும் பார்க் சுங்-ஹீ ஆட்சி அரிசியை மிச்சம் பிடிக்கப் பார்லியையும் பிற தானியங்களையும் கலந்து உண்ணும்படி மக்களை நெருக்கியது. பள்ளிகளில் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அரிசியோடு வேறு தானியம் கலந்திருக்கிறதா என்று ஆசிரியர்கள் சோதித்தார்கள். வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் உணவகங்களில் அரிசிச் சோறு விற்கத் தடை. கூடவே பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், இண்டிகா ஜப்பானிகா வகைகளைக் கலந்து உருவான 'தோங்கில்' நெல் 70களின் தொடக்கத்திலிருந்து விவசாயிகள் மேல் திணிக்கப்பட்டது. விளைச்சல் கூடியது; ருசி பிடிக்கவில்லை. விளைச்சல் போதுமென்று ஆனதும் கெடுபிடி தளர்ந்தது. ஆக, கொரியாவில் 'கலந்த சோறு' விருந்தாக இருந்தது மட்டுமில்லை, உத்தரவாகவும் இருந்திருக்கிறது. சோற்றுப்பானைக்குள் அரசு எட்டிப் பார்த்த வரலாறு அது.

நம்மிடமும் எட்டிப் பார்த்தது. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடச் சொல்லி நாட்டைக் கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே வேளைகளை விட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதில் விடுவதற்கு என்ன இருந்தது? தென்னார்க்காட்டுக் கூலிவீடுகளில் அரிசி என்பது அன்றாடம் அல்ல, பண்டிகை. அன்றாடம் கூழ்தான். அந்தக் கூழும் ஒரு கலவைதான் என்பதை நாம் கவனிப்பதில்லை. கேழ்வரகு மாவைக் கரைத்து ராத்திரி புளிக்கவிட்டு, நொய்யை வேகவைத்து, அதில் மாவைக் கொட்டிக் கிளறி, மறுநாள் கரைத்துக் குடிப்பது. தொட்டுக்கொள்ள வெங்காயம், பச்சை மிளகாய், இருந்தால் கருவாடு. நொய் என்பது உடைந்த அரிசி. முழு அரிசி ஒரு வீட்டுக்கும் அதன் உடைசல் இன்னொரு வீட்டுக்கும் போனது. கொரிய அதிபர் உத்தரவு போட்டுச் செய்யவைத்த தானியக் கலவையை, உத்தரவே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள் இங்கே.

விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு கிராமம் இந்த வரலாற்றுக்குச் சாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராய்ந்து 1918இல் வெளியிட்ட நூலில் இந்த ஊர் இடம்பெற்றது. பிறகும் பலமுறை ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். மிராசு நிலமும் அதைச் சுற்றிய படியாள் உழைப்பும் எப்படி இறுகின, எப்படித் தளர்ந்தன என்பதை நூறு ஆண்டு அளவில் பார்க்கக் கிடைக்கும் அரிய ஊர்களில் அது ஒன்று. 'படியாள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அளந்து போடும் படியால் அறியப்படும் ஆள். 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற முழக்கம் ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது என்பதற்கு அந்த ஒற்றைச் சொல்லே பாதி விளக்கம். அதுவரை படியை அளந்த கை மிராசுதாரின் கை.

மேல்தட்டு அடுப்படியின் கலந்த சோறு வேறு வகை. புளியோதரை, எலுமிச்சை, தயிர், எள் என்று அதற்குப் பட்டியலே உண்டு. கட்டுச்சோறாகக் கட்டிப் போனார்கள். கெடாமல் இருக்கும் என்பது ஒரு காரணம். வழியில் வேறு சாதியார் சமைத்ததைத் தொடவேண்டியதில்லை என்பது பேசப்படாத இன்னொரு காரணம். அதாவது, ஆளோடு ஆள் கலக்காமல் இருப்பதற்காகவும் கலக்கப்பட்ட சோறு அது! கலவை தன்னளவிலேயே கலகம் என்று கொண்டாடும் நம் கோட்பாட்டு நண்பர்கள் இந்த மூட்டையை ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கவேண்டும்.

இந்த மூட்டை பொதுவெளியில் அவிழ்ந்தது சேரன்மாதேவியில். வ.வே.சு. அய்யர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற விஷயம் 1924-25இல் வெடித்தது. காங்கிரஸ் நிதியும் பெற்ற நிறுவனம் அது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். இதில் திண்டிவனத்துக்கும் பங்குண்டு. திண்டிவனம் அருகே ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான் என்பதும், பார்ப்பனப் பிள்ளைகளுக்கான தண்ணீரைக் குடித்ததற்காக அடிபட்டான் என்பதும் திராவிட இயக்க வரலாறுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. ஓமந்தூரார் பின்னர் சென்னை மாகாண முதல்வரானார். 1947ஆம் ஆண்டு ஆலய நுழைவுச் சட்டம் அவர் ஆட்சியில் வந்தது. ஒரு பானைத் தண்ணீர் தமிழக அரசியலையே கலக்கியது என்றால் மிகையில்லை. ஆனால் அதே 1925இல் தென்னார்க்காட்டின் களத்துமேடுகளில் படியாளுக்குக் கூழ் எட்ட நின்றுதான் ஊற்றப்பட்டது. சேரன்மாதேவியில் கேட்கப்பட்ட கேள்வி ஊர்த்தெருவின் எல்லைவரை வந்து நின்றுவிட்டது. காலனிக்குள் அது போகவில்லை.

அந்தக் கேள்வியைத் தள்ளிக்கொண்டுபோன ஒரு சக்தி, நம்பக் கஷ்டமாக இருந்தாலும், சத்துணவுக்கூடம். 1956இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு என்று அது விரிந்தது. ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே அண்டாச் சோற்றைத் தின்பதென்பது சமபந்தி மேடையில் வருஷத்துக்கு ஒருநாள் நடந்தது; இங்கே தினம் நடந்தது. 2013இல் இந்தச் சோற்றுக்கே 'கலவை சாதம்' என்று பெயர் வந்தது. வெறும் சோறு, சாம்பார் என்பது போய், தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், எலுமிச்சை சாதம், காய்கறி பிரியாணி என்று முட்டையோடு வந்தது. முதலில் மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியம், பிறகு எல்லா இடத்திலும். கட்டுச்சோறாக மூடிக் கொண்டுபோனது அண்டாவில் திறந்து கிடந்தது. வரலாற்றில் இது சின்ன விஷயமில்லை.

பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொண்ட ஊர், ஒன்றை மட்டும் பொறுக்கவில்லை. கரண்டி பிடிப்பது யார்? 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்துப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சமைக்கக்கூடாது என்று பெற்றோர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரை இடம் மாற்றினார்கள்; எதிர்ப்புக் கிளம்பியபின் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் இதே கதை; மறு வருஷமே கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்றார்கள் சில பெற்றோர். ஊருக்குத் தெரிகிறது: பந்தியில் பக்கத்தில் உட்காருவது ஒரு மணிநேரம். கரண்டி பிடிப்பது அதிகாரம். யாருக்கு எவ்வளவு என்று அளக்கும் இடம் அது. படி அளந்த கை மாறுகிறது என்பதுதான் பயம்.

பிபிம்பாப்புக்கு வருவோம். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சமைப்பவர் கலப்பதில்லை. தனித்தனியாக அடுக்கித் தருகிறார். தின்பவரே தன் கிண்ணத்தைத் தானே கலந்துகொள்கிறார். அவரவர் கிண்ணம், அவரவர் கலவை. இதில் யாரும் யாரோடும் கலக்கவேண்டியதில்லை. உலகச் சந்தைக்கு இது ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சத்துணவு அண்டாவில் கலவை பானையிலேயே நடந்துவிடுகிறது, பிரித்தெடுக்க முடியாது. எதிர்ப்பும் அதனால்தான் அங்கே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அக்கா மகள் வடித்த வெள்ளைப் பொன்னி. 'நம்ம அரிசி' என்று நாம் பெருமைப்படுவது. அதன் பிறப்பு கட்டாக்கில் 1950களில் நடந்த இண்டிகா-ஜப்பானிகா கலப்பு முயற்சியில் இருக்கிறது. தாய்சுங் 65 என்ற தைவானின் ஜப்பானிகா நெல்லும் மாயாங் எபோஸ் என்ற மலேயா நெல்லும் கலந்து பிறந்த வம்சம். மலேசியாவில் 'மசூரி' ஆகி, இங்கே பொன்னி ஆகி, 1986இல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியாக நிலைத்தது. தோங்கிலுக்குத் தூரத்துப் பங்காளி. மிளகாயோ கொரியாவுக்கும் நமக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆக அந்தக் கிண்ணத்தில் 'சுத்தமாக' ஒரு பருக்கைகூடக் கிடையாது. விதை கலந்துவிட்டது, காரம் கலந்துவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டே அவளைக் கேட்டேன். "ரூம்ல நாலு பேர் இருக்கீங்க, யாரும்மா சமைக்கிறது?"

"முறை போட்டுத்தான் மாமா. ஒரே குக்கர்."

"யார் என்ன ஜாதின்னு கேட்டுக்க மாட்டீங்களா?"

கொஞ்சம் யோசித்தாள். "கேக்க மாட்டோம். ஆனா தெரியும்."

'ஆனா தெரியும்' என்பது ராத்திரி முழுக்க எனக்குள் கிடந்தது. சின்ன வயசில் நாங்கள் கூட்டாஞ்சோறு ஆக்குவோம். ஒருத்தன் அரிசி, ஒருத்தி பருப்பு, ஒருத்தன் வெல்லம் என்று அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருவது. காலனியிலிருந்து ஒருத்தன் வருவான். அவனை மட்டும் விறகு கொண்டுவரச் சொல்வோம். யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. விறகு எரிந்துவிடும், சோற்றில் கலக்காது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவன் அரிசி கொண்டுவரட்டுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவனுக்கும் தெரிந்திருந்தது.

நாலு பெண்களும் முறை போட்டு ஒரே குக்கரில் ஆக்கித் தின்கிறார்கள். கரண்டி நாலு கையிலும் போய்வருகிறது. தெரிந்தும் தின்கிறார்கள் என்பது எங்கள் கூட்டாஞ்சோற்றைவிடப் பெரிய விஷயம். தெரிந்துகொண்டேதான் தின்கிறார்கள் என்பது நம் முன்னால் இன்னும் கிடக்கும் வேலை.