குதிரை லோரியும் முயல் கூடையும்

பினாங்குத் தீவுக்குப் பாலம் வந்தது 1985-இல். அதுவரை இங்கே வந்த ஒவ்வொரு குதிரையும் மாடும் ஏதாவது ஒரு மிதப்பில் ஏறித்தான் வந்து சேர்ந்தது. பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் நடுவில் உள்ள நீரிணை மூன்று கிலோமீட்டர் அளவுதான் இருக்கும். நமக்கு அது கால் மணி நேரம். காலடியில் தரை அசையும் என்பதையே அறியாத ஒரு பிராணிக்கு அந்தக் கால் மணி நேரம் எப்படி இருந்திருக்கும்? நம் ஊர் வரலாற்றில் மிளகும் கிராம்பும் ஈயமும் அபினும் நிறைய இடம் பிடித்திருக்கின்றன. உயிருள்ள சரக்கை ஏற்றி இறக்கியவர்களின் கைத்திறனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. என் தாத்தா பத்து கந்தோங் பந்தயத் திடலில் குதிரை பார்த்தவர். அதனால் இந்தக் குறை எனக்கு உறுத்துகிறது.

தீவில் ஆங்கிலேயர் கால் வைப்பதற்கு முன்பே எதிர்க்கரையில் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நம் பழைய ஏடுகள் கடாரம் என்று சொல்லும் கெடா, யானைக்குப் பேர்போன நாடு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கெடாவில் பிடித்துப் பழக்கிய யானைகள் வங்கக் கடலைத் தாண்டி சோழமண்டலக் கரைக்குப் போயின. பரங்கிப்பேட்டை, நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துணியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஈயத்தையும் யானையையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றிய பிறகு ஜார்ஜ் டவுனில் கடை போட்டவர்களில் பலர் இந்தச் சூலியா கூட்டத்தார்தான். இலங்கையிலும் இதே வியாபாரம் நடந்தது. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை டச்சுக்காரர்கள் ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிவந்து விற்றார்கள். ஊர்காவற்றுறையில் அவை கப்பலேறின.

யானையைத் தண்ணீர் தாண்ட வைத்த விதத்தை விரிவாகச் சொல்லும் பழைய குறிப்பு ஒன்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸிடம் இருக்கிறது. கி.மு. 218-இல் ஹன்னிபால் ரோன் ஆற்றைக் கடந்தபோது, கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும்படி தெப்பங்களைப் பிணைத்து, அவற்றின் மேல் மண்ணைக் கொட்டிக் கரையின் மட்டத்துக்கே பரப்பினார்கள். முதலில் இரண்டு பெண் யானைகளை நடத்தினார்கள். மற்றவை பின்னால் போயின. கடைசித் தெப்பத்தின் கட்டை அறுத்துப் படகுகளால் இழுத்தபோதுதான் சுற்றிலும் தண்ணீர் என்று அவற்றுக்குத் தெரிந்தது. சில மிரண்டு ஆற்றில் விழுந்தாலும் தும்பிக்கையை மேலே நீட்டியபடி கரையேறிவிட்டன. இதில் மூன்று காரியங்கள் இருக்கின்றன. பழகிய மண், முன்னால் போகும் துணை, அவசரமில்லாத நடை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து என் தாத்தா பட்டர்வொர்த்தில் செய்ததும் இதையேதான். அவர் ஹன்னிபால் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

குதிரையின் கதை துயரமானது. அரபு நாடுகளிலிருந்து பாண்டிய நாட்டுக் காயலுக்கு வந்து இறங்கிய குதிரைகளைப் பற்றி மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியிருக்கிறார். அரசர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்தன, பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாததே காரணம் என்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பட்டாளத்துக் குதிரைகள் வந்தன. அவை வாரக்கணக்கில் குறுகிய தடுப்புக்குள் நின்றபடியே வந்தன. செத்ததைக் கடலில் தள்ளினார்கள். துறைமுகத்தில் வயிற்றுக்குக் கீழே கித்தான் பட்டை கட்டிப் பாரந்தூக்கியால் தூக்கி இறக்கினார்கள். நான்கு காலும் காற்றில் தொங்கும் ஒரு குதிரையின் கண்ணை நினைத்தாலே எனக்கு மனசு கலங்குகிறது. முதுகெலும்பும் வயிறும் அப்படித் தூக்குவதற்காக அமைந்தவை அல்ல.

பினாங்கில் 1904-இல் சுவெட்டன்ஹாம் துறைமேடை வரும்வரை பெரிய கப்பல்கள் கரையை ஒட்ட முடியாமல் நீரிணையில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கைப் படகில் மாற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் படகுத் தொழிலில் தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கிங் ஸ்ட்ரீட்டுக்கு நம்மவர்கள் வைத்த பெயரே படவுக்காரத் தெரு. 1894-இல் குவா பெங் கீ என்பவர் எதிர்க்கரைக்கு ஒழுங்கான படகுப் போக்குவரத்தைத் தொடங்கினார். வண்டிகளை ஏற்றும் ஃபெர்ரி 1925-இல் வந்தது.

குதிரைப் பந்தயத்துக்கான பினாங்கு டர்ஃப் கிளப் 1864-இல் தொடங்கியது. 1896-இல் ஸ்ட்ரெய்ட்ஸ் ரேசிங் அசோசியேஷன் உருவானதும் பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பந்தயங்கள் ஊர் மாறி ஊர் நடந்தன. குதிரைகளும் கூடவே சுற்றின. ரயில் எதிர்க்கரையில் உள்ள பிறையோடு நின்றுவிடும். அங்கிருந்து தீவுக்குத் தண்ணீர்தான். 1939-இல் பந்தயத் திடல் பத்து கந்தோங்குக்கு மாறியது. தாத்தா அங்கேதான் சைஸாக, அதாவது குதிரைக்காரராக, வேலைக்குச் சேர்ந்தார். லாயத்தில் தமிழரும் பாவியன் தீவுக்காரர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். பேச்சு பாதி தமிழ், பாதி மலாய்.

அறுபதுகளில் பள்ளி விடுமுறை நாட்களில் அவரோடு நானும் லோரியில் போவேன். குதிரை ஏற மறுத்தால் நாலு பேர் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளுவதையும், சாட்டையைச் சொடுக்குவதையும் பார்த்திருக்கிறேன். தாத்தா அந்தப் பக்கமே போகமாட்டார். லோரியின் சாய்பலகை மரம். குளம்பு பட்டால் உள்ளே வெறுமையாக இருப்பது போல் சத்தம் வரும். குதிரைக்கு அந்தச் சத்தம்தான் முதல் பயம் என்பார். அந்தக் குதிரையின் லாயத்திலிருந்தே வைக்கோலை அள்ளிவந்து பலகையில் தடிப்பாகப் பரப்புவார். லோரியின் முன்பக்கச் சிறு கதவைத் திறந்துவைப்பார், உள்ளே வெளிச்சம் தெரிவதற்காக. வெயிலில் நின்ற குதிரையின் கண் இருட்டுக்குப் பழக நேரமாகும். அந்த நேரத்தை அவர் அதற்குக் கொடுப்பார். அதன் முகத்துக்கு நேராக நிற்கவே மாட்டார், தோளை ஒட்டி அதே திசையைப் பார்த்து நிற்பார். நான் ஒருமுறை கயிற்றைப் பிடித்து இழுத்தபோது, "இழுக்காதடா. மொதல்ல அது மோந்து பாக்கட்டும்" என்றார். முதலில் வயசான, சாதுவான ஒரு குதிரை ஏறும். அதன் பின்னால் துள்ளும் இளங்குதிரை. உள்ளே போனதும் புல் வலை தயாராகத் தொங்கும். ஃபெர்ரி பட்டர்வொர்த்துத் துறையை விட்டு நகரும்போது குதிரை மென்றுகொண்டிருந்தால் அவர் முகம் தெளிந்துவிடும். மெல்லாமல் காதை விறைத்துக்கொண்டு நின்றால் ஜார்ஜ் டவுன் வரை அதன் கழுத்தில் வைத்த கையை எடுக்கமாட்டார்.

மெல்லுவதில் அவர் ஏன் அவ்வளவு கண்ணாக இருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்ற புல் பெருங்குடல் பகுதியில்தான் நொதிக்கிறது. பயத்தில் குடல் ஓட்டம் நின்றால் வயிற்றுவலி வந்து குதிரை செத்தே போகலாம்.

முயலும் அப்படித்தான். என் பேத்தி இரண்டு முயல் வளர்க்கிறாள். காது தொங்கும் ஹாலந்து லோப் சாதி, 1964-இல் நெதர்லாந்தில் அங்கீகாரம் பெற்றது. அவளோடு சேர்ந்து அவற்றைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு, தாத்தாவின் குதிரைப் பாடம் முழுதும் அந்தச் சிறு உடம்புக்குள் இருப்பதைக் கண்டேன். முயலாலும் வாந்தி எடுக்க முடியாது. அதற்கும் குடலின் பின்பகுதியில்தான் புல் செரிக்கிறது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னே உள்ளது தெரியாது. இரண்டுமே வேட்டையாடப்பட்டுப் பழகிய இனங்கள். மேலிருந்து ஒரு கை இறங்கினால் முயலுக்கு அது பருந்து.

முயலுக்கும் கப்பல் பயணம் புதிதல்ல. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்றில் போன தாய் முயல் வழியிலேயே குட்டி போட்டதாகவும், அவற்றைப் போர்ட்டோ சாண்டோ தீவில் இறக்கிவிட்டதாகவும் ஒரு பதிவு உண்டு. டார்வின் 1868-இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்துச் சொல்கிறார். அந்தக் குட்டிகளின் வம்சம் பெருகி, குடியேறியவர்களின் பயிரை மேய்ந்து தீர்த்தது. 1859-இல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு தாமஸ் ஆஸ்டின் என்பவருக்காக 24 முயல்கள் வந்து இறங்கின. ஆஸ்திரேலியாவை அந்த இனம் என்ன செய்தது என்பது உலகம் அறிந்த கதை. மாதக்கணக்கில் கடலைத் தாங்கிய அந்த முயல்களில் பலவற்றுக்குக் காட்டு வம்சத்து முரட்டு உடம்பு. அதை நம்பி, நம் வீட்டு முயல் எதையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

பேத்தி முதலில் முயலை மருத்துவரிடம் கொண்டுபோக முயன்றபோது வீடே ரணகளமானது. சோபாவுக்குக் கீழே ஓடியதை அவள் துரத்த, அது பின்னங்காலால் தரையை டப் டப் என்று அடித்தது. கடைசியில் பிடித்தபோது உதறிய உதறலில் என் நெஞ்சே நின்றுவிட்டது. முயலின் எலும்பு மிக லேசானது. உடல் எடையில் 8 சதவீத அளவுதான், பூனைக்கு 13 வரை இருக்கும். ஆனால் பின்னங்கால் தசையின் பலம் பெரிது. பின்பாகத்தைத் தாங்காமல் தூக்கினால் தன் உதையிலேயே தன் இடுப்பு முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்குவது அதைவிடக் கொடுமை. பசாரில் ஒரு காலத்தில் அப்படித் தூக்கிக் காட்டித்தான் விற்றார்கள். இன்று யாராவது செய்தால் நான் நேராகவே கண்டிப்பேன்.

அன்றைக்கு மருத்துவரிடம் போகவில்லை. மறுநாளே கூடையை, அதாவது பூனைக்கு விற்கும், மேலேயும் முன்னாலும் திறக்கும் பிளாஸ்டிக் பெட்டியை, முயல்களின் அறையில் திறந்தே வைக்கச் சொன்னேன். வழுக்காமல் இருக்க அடியில் பழைய துண்டு. அதன்மேல் அவற்றின் கூண்டிலிருந்தே எடுத்த, அவற்றின் வாசனை ஏறிய உலர்புல். தினமும் சாயங்காலம் கொத்தமல்லித் தழையை அந்தப் பெட்டிக்குள்தான் போட்டோம். முதலில் ஓரத்தில் நின்று கழுத்தை நீட்டி இழுத்துக்கொண்டு ஓடின. அப்புறம் முன்னங்கால் உள்ளே வந்தது. ஒருநாள் மதியம் பெரியது உள்ளேயே காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் சின்னது தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் என்றாலும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். துணை இருந்தால் பயம் பாதி. பிரித்துக் கொண்டுபோனால், திரும்பி வரும்போது மருந்து வாசனையை மோந்து வீட்டில் இருந்தது சண்டைக்கும் வரும்.

நேரமில்லாத அவசரத்தில் கையால்தான் வைத்தாக வேண்டும். அப்போது தரையில் உட்கார்ந்து, ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்பாகத்துக்குக் கீழே கொடுத்து, நம் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பின்பக்கம் முதலில் போகும்படி உள்ளே இறக்க வேண்டும். எதிரே இருட்டுப் பொந்து தெரியாததால் முட்டாது, உதறாது.

ஒரு விஷயத்தில் மட்டும் குதிரைப் பாடம் போதாது. குதிரைக்கு வியர்க்கும், முயலுக்கு வியர்க்காது. காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். வெப்பம் முப்பது பாகையை நெருங்கினாலே அதற்கு ஆபத்து. பினாங்கில் மதியம் எந்த மாதமும் அதைத் தாண்டும். அதனால் காலை முதல் நேரத்தையே மருத்துவரிடம் கேட்டு வாங்குவோம். உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வைப்போம். காரில் குளிரூட்டியைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகே பெட்டி வெளியே வரும். வயிற்றைக் காயப்போட்டுக் கொண்டுவாருங்கள் என்று நாய் பூனைக்குச் சொல்வது முயலுக்குப் பொருந்தாது. வழியெல்லாம் புல் இருக்க வேண்டும்.

தீவிலிருந்து ஃபெர்ரியில் கார் போவது 2020-ஆம் ஆண்டோடு முடிந்தது. 2023-இல் வந்த புதுப் படகுகளும் ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும்தான் ஏற்றுகின்றன. எதிர்க்கரையில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு முயல்களைக் கொண்டுபோக இப்போது பாலம்தான் வழி. பாலத்தில் சாலை இணைப்புகளைத் தாண்டும்போது வரும் குலுக்கலுக்கு, பெட்டியை மடியில் வைத்துக்கொள்வதைவிடக் கால் வைக்கும் இடத்தில் அசையாமல் வைப்பது நல்லது.

இறக்கும்போதும் அவசரம் கூடாது. தாத்தா சாய்பலகையை இறக்கிவிட்டு, குதிரை வெளியே எட்டிப் பார்க்கும்வரை கயிற்றைத் தளர்த்தியே வைத்திருப்பார். பேத்தியும் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் தரையில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டு விலகிவிடுகிறாள். சில சமயம் அவை உடனே வரும், சில சமயம் அரை மணி நேரம் ஆகும். அதன்பின் அவள் கவனிப்பது இரண்டு: புல் தின்கிறதா, புழுக்கை போடுகிறதா. அன்று ராத்திரிக்குள் இரண்டும் நடக்காவிட்டால் விடியும்வரை காத்திராமல் மருத்துவருக்குப் போன் போட வேண்டும்.