27 வயதுவரை: கிட்டப்பாவும் கரூசோவும்

குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர் செங்கோட்டை. 1906இல் நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா அங்கே பிறந்தபோது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நேப்பிள்ஸில் 1873இல் பிறந்த ஓபரா பாடகர் என்ரிகோ கரூசோவை அவரோடு சேர்த்துப் பேச வலுவான காரணம் உண்டு. மைக் இல்லாத மேடையில் நடித்துக்கொண்டே பாடி, கடைசி வரிசைக்காரரையும் கட்டிப்போட்டவர்கள் இருவரும்.

கரூசோ முறையாகப் பயின்றவர், கிட்டப்பா பிறவிப் பாடகர் என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். இருவரின் தொடக்க ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

கரூசோ ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் தேவாலயத்தில் பாடினார். குரல் முதிர்ந்த பிறகே வெர்ஜினே என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். கட்டணம் கொடுக்க வழியில்லாததால், பிற்கால வருமானத்தில் கால் பங்கு தருவதாக எழுதிக்கொடுத்தார். 1895இல் முதல் மேடை ஏறியபோது வயது 22. அப்போதும் உச்ச ஸ்வரங்களில் குரல் உடைந்தது. சிறிய ஊர்களின் அரங்குகளில் பாடிக்கொண்டே, லொம்பார்தி என்ற இன்னோர் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்துகொண்டார்.

கிட்டப்பாவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. சின்னஞ்சிறு பிள்ளையாகவே மேடைக்கு வந்துவிட்டார். அவரைப் போன்ற பையன்கள் நடித்த பாலர் நாடகக் கம்பெனி என்பது பாடசாலையும் பிழைப்பும் ஒன்றாகக் கலந்த இடம். பாடம் நெட்டுரு ஆகவேண்டும், சுருதி பிசகக்கூடாது, இரவு முழுக்க நடக்கும் நாடகத்தில் குரல் தளரக்கூடாது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த மேடையில் நடிகர் இடத்துக்கேற்ப விருத்தம் விரிக்கவும், எதிரே நிற்பவரோடு தர்க்கப் பாட்டில் மோதவும் தெரிந்திருக்கவேண்டும். பருவ வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் பல பையன்களின் கதை அதோடு முடிந்துபோகும். கிட்டப்பா அதைத் தாண்டி, கன்னையா நாடகக் கம்பெனியில் பெரும் பெயர் பெற்றார். அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் அவருக்கு உற்ற துணை. இத்தனைக்கும் பிறகு அவரைப் பயிற்சி இல்லாதவர் என்பது அநியாயம். சபா வித்வான்களின் அளவுகோலில் அது பயிற்சியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கிட்டப்பா பாடிய தியாகராஜரின் ‘எவரனி’ இசைத்தட்டைக் கேட்டுப் பாருங்கள். மூன்று நிமிடச் சொச்சத்தில் தேவாமிருதவர்ஷிணி ராகத்தின் உருவம் முழுசாக எழுகிறது. மேல்ஸ்தாயியில் பிருகாக்கள் பொடிப்பொடியாக உதிர்கின்றன, ஆனால் ஒன்றும் சிதறவில்லை. இதைப் பிறவி வரம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

சிறுவயது மேடை குரலைக் கெடுத்துவிடும் என்று பொதுவாகச் சொல்லவும் முடியாது. கிட்டப்பாவோடு நடித்து, அவரையே மணந்த கே.பி. சுந்தராம்பாளும் சிறுமியாக மேடையேறியவர்தான். 1953இல் வந்த ‘ஔவையார்’ படத்தில் அந்தக் குரல் கம்பீரமாகவே ஒலித்தது.

கரூசோ மிலானின் லா ஸ்காலா அரங்கில் முதன்முறை பாடியது 1900 டிசம்பரில், 27 வயதில். உடல்நலக் குறைவோடு பாடிய அன்று வரவேற்பு சுமார்தான். 1902 ஏப்ரலில் அதே ஊரின் ஓட்டல் அறையொன்றில் பத்துப் பாட்டுகளைப் பதிவுசெய்தார். உலகப் புகழ் அதன் பிறகே. 1920வரை பதிவுகள் தொடர்ந்ததால், அவர் குரல் கனத்து இருண்டு முதிர்ந்ததை ஆண்டு ஆண்டாகக் கேட்கலாம்.

கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று நோயில் இறந்தார். அவருக்கும் வயது 27. அவர் விட்டுச்சென்ற அத்தனை தட்டுகளும், கரூசோவின் கணக்கில் பார்த்தால், முதல் தட்டுக்கு முந்திய வயதில் பாடியவை.