தமிழ்நாட்டுக் கடைகளும் விடுமுறை நாள்களும்

பொது விடுமுறை நாளில் ஒரு சிறு கடையைத் திறப்பதா, அடைப்பதா என்பது கடைக்காரரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. அங்கு வேலை பார்ப்பவரின் உரிமையும் அதில் அடங்கியுள்ளது. தமிழ்நாட்டில் இவ்வுரிமை சட்டங்களின் வழியே படிப்படியாக உருவானது.

வார விடுமுறை

சென்னை மாகாணத்தில் 1947-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இயற்றப்பட்டது. வாரத்தில் ஒரு நாள் கடையை முழுமையாக அடைக்க வேண்டும் என்றும், அது எந்த நாள் என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. கடைகளில் ‘வார விடுமுறை’ என்று எழுதித் தொங்கும் பலகையின் பின்னணி இதுவே.

தேசிய, பண்டிகை விடுமுறைகள்

அடுத்து வந்தது 1958-ஆம் ஆண்டின் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் சட்டம். இது தொழிற்சாலைகளோடு கடைகளுக்கும் பொருந்தும். தற்போதைய நிலையில் சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும், ஐந்து பண்டிகை நாள்களும் சம்பளத்துடன் கூடிய விடுமுறைகள். இவற்றுள் மே 1-க்குத் தமிழகத்தில் தனி வரலாறு உண்டு. இந்தியாவின் முதல் மே நாளைச் சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார்.

அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் அறிவிக்கப்படும் விடுமுறைப் பட்டியல் வேறு. இந்த ஒன்பது நாள்கள் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் பலர்.

திறந்தால் என்ன?

இந்த ஒன்பது நாள்களில் ஆளை வேலைக்கு அழைக்கச் சட்டம் தடை விதிக்கவில்லை. ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலைத் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கும் அனுப்ப வேண்டும். வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளமோ, அன்றைய சம்பளத்துடன் வேறொரு நாள் விடுப்போ தரவேண்டும்.

எடுத்துக்காட்டாக, நாள் சம்பளம் 600 ரூபாய் பெறும் இருவர் ஒரு மளிகைக் கடையில் இருப்பதாகக் கொள்வோம். கடையை அடைத்தாலும் 1,200 ரூபாய் தரவேண்டும். திறந்தால் 2,400 ரூபாய். நூறு ரூபாய் விற்பனைக்குப் பத்து ரூபாய் மிஞ்சுமானால், கூடுதல் 1,200 ரூபாயை ஈடுகட்டவே 12,000 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். மறுநாள் வரவேண்டிய வாடிக்கையாளரே இன்று வந்து வாங்கினால் அது கூடுதல் விற்பனையும் ஆகாது. குடும்பத்தாரே நடத்தும் கடையில் இந்தக் கணக்கு எழுவதில்லை.

அண்மைக் கால மாற்றம்

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகள் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்கலாம் எனத் தமிழக அரசு 2019-இல் மூன்றாண்டுகளுக்கு அனுமதித்தது. 2022-இல் அது நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஊழியர் ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வார விடுமுறை தரவேண்டும் என்பது நிபந்தனை. கடைக்கு விடுமுறை இல்லாவிட்டாலும் ஆளுக்கு விடுமுறை உண்டு என்பதே இதன் பொருள்.

பெரிய கடை திறந்திருக்கும்போது பக்கத்துச் சிறு கடைக்காரர் அடைக்கத் தயங்குவது இயல்பே. எனினும் பொங்கலுக்கு ஊர் செல்லக் காத்திருக்கும் ஊழியருக்கு மாற்று விடுப்பு அந்த நாளைத் திருப்பித் தராது. ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே இரு தரப்பும் பேசிப் பண்டிகை நாள்களை முடிவு செய்துகொள்வது நல்லது.