“திரும்பிச் செல்லுங்கள்” எனும் சொல்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, மதீனா. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை மணமுடித்த நபி (ஸல்) அவர்கள், ரொட்டியும் இறைச்சியுமாக வலீமா விருந்தளித்தார்கள். உண்டவர்கள் எழுந்து சென்றனர். மூவர் மட்டும் பேச்சில் ஆழ்ந்து அமர்ந்திருந்தனர். போகச் சொல்ல நபியவர்களுக்கு வெட்கம். தாமே வெளியேறி, மற்ற மனைவியரின் இல்லங்களுக்குச் சென்று ஸலாம் கூறித் திரும்பினார்கள். அப்போதும் அவர்கள் எழவில்லை என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்.

அதன்பின்னரே அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் இறங்கியது. உண்டபின் கலைந்து செல்லுமாறு அது பணித்தது. நபியவர்கள் சொல்ல வெட்கப்பட்ட உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படவில்லை. அந்நூர் அத்தியாயத்தின் 28ஆம் வசனமோ, “திரும்பிச் செல்லுங்கள்” எனக் கூறப்பட்டால் திரும்பிவிடுவதே தூய்மையானது என்கிறது.

ஆக, “இப்போது இயலாது” என்பது வீட்டாரின் உரிமை. மனம் கோணாமல் திரும்புவது வந்தவரின் கடமை. நாமோ இதைத் தலைகீழாக்கி, மறுப்பவரையே குற்றவாளியாக்குகிறோம். அந்த அச்சத்தில் பிள்ளைகளின் பாடமும் தாய்மார்களின் ஓய்வும் பறிபோகின்றன. உறவைத் துண்டிக்க இங்கு அனுமதியில்லை. ஆனால் கனிவாக மறுப்பது பாவமன்று. அடுத்தமுறை ஒரு வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டால், நாம் முகம் சுளிக்காமல் திரும்புவோமாக!