கால்டுவெல், ராபர்ட் (1814–1891)

ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராயரும் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவருமான ராபர்ட் கால்டுவெல், அயர்லாந்தின் கிளாடி என்னும் ஊரில் 1814 மே 7 அன்று ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தார். இளமையில் டப்ளினில் ஓவியம் பயின்றார். பிறகு லண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆர்வம் அங்கேதான் முளைவிட்டது. 1838 ஜனவரி 8 அன்று சென்னையில் வந்திறங்கினார்.

1841-இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்துக்கு மாறினார். அந்த ஆண்டே உதகமண்டலத்தில் சென்னைப் பேராயர் ஸ்பென்சர் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். சென்னையிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்கு அவர் பெரும்பாலும் நடந்தே சென்றார். பேச்சுத் தமிழை ஊர் ஊராகக் கேட்டறிய இந்தப் பயணம் உதவியது.

அவர் குடியேறிய இடையன்குடி, செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த ஊர். பனையேறிக் குடும்பங்கள் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்தன. கால்டுவெல் நேர்நேராகத் தெருக்கள் அமைத்தார், கிணறு வெட்டினார், பள்ளிகள் நடத்தினார். 1844-இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். தமிழைச் சரளமாகப் பேசியவர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, சரிகைப் பின்னல் வேலையும் கற்றுக்கொடுத்தார். ஊரின் திரித்துவ ஆலயத்துக்கு 1847-இல் தொடங்கிய பணி 1880-இல்தான் முடிந்தது.

இந்தப் பணிகளுக்கு நடுவே எழுதிய நூலொன்று அவர் பெயருக்குக் களங்கமானது. பனையேறிச் சமூகத்தைப் பற்றி 1849-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் அம்மக்களை இழிவாக எழுதியிருந்தார். அச்சமூகத்தில் கல்வி பெற்றவர்கள் கொதித்தனர். பின்னாளில் நூலை அவர் விலக்கிக்கொள்ள நேர்ந்தது. அவரது தொண்டை மதிப்பவர்களும் இந்தத் தவற்றை மறைக்கக் கூடாது.

1856-இல் ஒப்பிலக்கணம் லண்டனில் வெளிவந்தது. தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816-லேயே சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் சொல்லிவிட்டார். அதை ஒலி, வேற்றுமை, எண், வினை என ஒவ்வொரு கூறாக எடுத்து விரிவாக நிறுவியவர் கால்டுவெல். தருமபுரி மாவட்டத்தாருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் அங்கே ‘மூன்று’, ‘மூடு’, ‘மூரு’ என்னும் எண்களின் உறவு காதுக்கே எட்டும்.

1877 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் அவரும் பாளையங்கோட்டை எட்வர்ட் சார்ஜெண்டும் ஒருசேரப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டனர். ஆனால் இருவருக்கும் தனி மறைமாவட்டம் இல்லை. இந்தியாவில் ஆங்கிலிக்கன் பேராயர் பதவிகள் பிரிட்டிஷ் சட்டத்துக்கும் அரச நியமனத்துக்கும் உட்பட்டிருந்ததால், புதிய மறைமாவட்டம் அமைப்பது எளிதாக இல்லை. ஆகவே சென்னைப் பேராயர் ஃபிரடெரிக் கெல்லுக்குத் துணைப் பேராயர்களாகவே இருந்தனர். எஸ்.பி.ஜி. சபைகளைக் கால்டுவெலும் சி.எம்.எஸ். என்னும் மற்றோர் ஆங்கிலிக்கன் சங்கத்தின் சபைகளைச் சார்ஜெண்டும் கவனித்தனர்.

பதவியேற்ற ஆண்டே தாதுவருஷப் பஞ்சத்தின் கொடுமை உச்சத்தில் இருந்தது. கால்டுவெல் நிவாரணப் பணியில் இறங்கினார். ஆயிரக்கணக்கானோர் அந்நாட்களில் சபையில் சேர்ந்தனர். சோற்றுக்காக வந்தார்கள் என்று சொல்லி அவர்களை ஒதுக்கிவிட முடியாது. ஊர் கைவிட்டபோது கைகொடுத்தவர்களிடம் வந்தவர்கள் அவர்கள்.

1881-இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதி வெளியிட்டார். கொற்கையில் அகழ்ந்து பார்த்ததும் அவரது வரலாற்று ஆர்வத்தின் பகுதி. 1883-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். 1891 ஜனவரியில் பதவி விலகி, ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் மறைந்தார். உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டது. திருநெல்வேலி தனி மறைமாவட்டமானது 1896-இல். முதல் பேராயர் சாமுவேல் மோர்லி.

1968-இல் சென்னைக் கடற்கரையில் கால்டுவெலுக்குச் சிலை வைக்கப்பட்டது. ஒப்பிலக்கணத்தைப் படிக்க விரும்புவோர் பதிப்பைப் பார்த்து எடுப்பது நல்லது. அவரே விரித்துத் திருத்தியது 1875-இன் இரண்டாம் பதிப்பு. அவர் மறைந்தபின் 1913-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பல பகுதிகள் நீக்கப்பட்டுள்ளன.